வீட்டில் கட்டிய காருக்கு ஃபைபர் கிளாஸ் பாடி பொருத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

டிரில்லை எப்போது கையில் எடுப்பது என்று தெரிந்துகொண்டால் இந்த வேலையில் பாதி முடிந்தது. புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் பானெட்டில்தான் தொடங்குகிறார்கள். இருப்பதிலேயே கண்ணுக்கு அழகான பேனல் அதுதான். சேசிஸ் மேல் வைத்து, நேராக இருப்பதுபோல் தோன்றியதும் நான்கு துளை போட்டு இறுக்கிவிடுகிறார்கள். அதன்பிறகு மற்ற பேனல்களெல்லாம் அந்த நான்கு துளைகளுக்குக் கட்டுப்பட்டே உட்கார வேண்டியிருக்கிறது. கடைசியில் கதவு மூடாது.

சேசிஸ் வேலை முடிந்துவிட்டது, அச்சிலிருந்து எடுத்த பேனல்கள் கையில் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அச்சு செய்வது தனிக் கதை. இங்கே பேசும் பேனல்கள் பாலியெஸ்டர் ரெசினும் கண்ணாடி இழை மேட்டும் சேர்த்துக் கையால் வார்த்தவை. வெளிமுகத்தில் ஜெல்கோட், அதாவது இழை கலக்காத வழவழப்பான ரெசின் பூச்சு, இருக்கும்.

1. முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை

ரசமட்டம், தூக்குக்குண்டு, நல்ல நூல், குறைந்தது ஒன்றரை மீட்டர் நீள நேர்ச்சட்டம். பத்துப் பன்னிரண்டு கிளாம்ப், மரத்தில் செதுக்கிய ஆப்புகள், மாஸ்கிங் டேப் தாராளமாக. இடைவெளி பிடிக்க 5 மி.மீ. தடிமனில் ஒரே அளவாக வெட்டிய பிளாஸ்டிக் துண்டுகள் இருபதாவது வேண்டும்.

வெட்டுவதற்கு வைரத்தூள் பதித்த வட்டத்தகடு பூட்டிய சிறிய கிரைண்டர். சாதாரண டிரில் பிட் கண்ணாடி இழையில் சில துளைகளிலேயே மழுங்கிவிடும். கார்பைடு பிட் வாங்குங்கள். 80, 120 எண் உப்புத்தாள், அதைச் சுற்றிப் பிடிக்க ஒரு கட்டை. ரெசின் எடைபோட ஒரு கிராம் துல்லியத்தில் காட்டும் தராசு, ரெசினை இறுகவைக்கும் ஹார்டனரை அளக்க ஊசியில்லாத சிரிஞ்சு.

முகக்கவசத்தில் இரண்டு வகை தேவை. தூசிக்கு உரியது ரெசினின் ஸ்டைரீன் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரிம ஆவி வடிகட்டி உள்ளதாக வேண்டும். ஹார்டனரைத் தொடும்போதெல்லாம் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். அது எம்.இ.கே.பி. எனப்படும் பெராக்சைடு, ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வைக்கே ஆபத்து. இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் முடுக்கி தனிப் புட்டியில் வந்திருந்தால் அதையும் ஹார்டனரையும் நேரடியாகக் கலக்கவே கூடாது, வெடிக்கும். முடுக்கி முதலில் ரெசினில் முழுமையாகக் கலந்திருக்க வேண்டும், ஹார்டனர் அதற்குப் பிறகுதான்.

சிலிக்கான் குழாயைப் பட்டறைக்குள் கொண்டுவராதீர்கள். அது ஒட்டிய இடத்தில் பெயின்ட் பிடிக்காமல் மீன்கண் போலக் குழி விழும்.

2. பேனலைச் சோதித்து, கழுவி, ஆறவிடுதல்

முதலில் பேனலுக்குப் பின்னால் ஒரு பல்பை எரியவிட்டுப் பாருங்கள். ஜெல்கோட் அடர்நிறமாக இல்லாவிட்டால், மெலிந்த இடங்கள் வெளிச்சமாகத் தெரியும். பிறகு ஒரு நாணயத்தால் மூலைகளையும் வளைவுகளையும் தட்டிக்கொண்டே வாருங்கள். ‘டக்’ என்ற ஓசை ஓரிடத்தில் மந்தமாக மாறினால் ஜெல்கோட்டுக்கு அடியில் காற்றுப்பை இருக்கிறது. இப்போதே உடைத்து நிரப்புங்கள். விட்டுவைத்தால் பெயின்ட் அடித்த பிறகு, முதல் வெயிலில் அது கொப்புளமாக எழும்.

அடுத்தது கழுவுதல். அச்சில் தடவிய மெழுகு பேனலின் முகத்தில் இன்னும் இருக்கிறது. கழுவாமல் உப்புத்தாள் போட்டால் அந்த மெழுகை நீங்களே கீறல்களுக்குள் தேய்த்து ஏற்றுகிறீர்கள். பிறகு எந்தக் கரைப்பானாலும் அதை முழுதாக எடுக்க முடியாது. வெந்நீர், சோப்பு, சொரசொரப்பான நார். பிறகு மெழுகு நீக்கும் திரவத்தால் ஒரு துணியில் துடைத்து, அது காய்வதற்குள் இன்னொரு சுத்தமான துணியால் எடுங்கள். ஒரே துணியால் துடைத்தால் மெழுகு இடம் மாறுமே தவிரப் போகாது.

உள்பக்கத்தில் மூக்கைத் துளைக்கும் நெடி இருந்தால் ரெசின் இன்னும் இறுகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இறுகும்போது அது சுருங்கும். இரண்டு மூன்று வாரம் காத்திருங்கள். அந்த நாட்களில் பேனல் சுவரில் சாய்ந்து கிடக்கக் கூடாது. சாய்ந்த வளைவிலேயே அது இறுகிப்போகும். காரின் மேலேயே அதன் இடத்தில் தளர்வாக வைத்துவிடுவது உத்தமம்.

3. காரைச் சக்கரத்தில் நிறுத்துதல்

நான் கட்டிய முதல் காருக்கு, சேசிஸைத் தாங்கிகளின் மேல் ஏற்றிவைத்து, நிமிர்ந்து நின்று வேலைசெய்ய வசதியாக, பாடி முழுவதையும் பொருத்தினேன். கதவு இடைவெளி கத்தி வைத்து வெட்டியதுபோல் இருந்தது. தாங்கிகளை எடுத்து இறக்கிய அன்று இரண்டு கதவுகளும் பின்தூணில் உரசின. நான்கு மூலைத் தாங்கலில் இருந்தபோது இருந்த சேசிஸ் வேறு, ஸ்பிரிங்குகளின் மேல் எஞ்சின் சுமையோடு நிற்கும் சேசிஸ் வேறு. நேர்ச்சட்டத்தில் பார்த்தால் தெரியாத ஒரு மில்லிமீட்டர் வளைவு, கதவின் மேல்மூலையில் மூன்று மில்லிமீட்டராகத் தெரியும்.

ஆகவே சமதளமான தரை, காற்று நிரப்பிய டயர்கள், எஞ்சின், கியர்பாக்ஸ், ரேடியேட்டர், எக்ஸாஸ்ட், பேட்டரி எல்லாம் இடத்தில். பெட்ரோல் டாங்க் பாதி நிறைந்திருக்கும் எடைக்கும், இருக்கைகளில் ஆள் எடைக்கும் ஈடாக மணல் மூட்டை வையுங்கள். காரை இரண்டு முறை முன்னும் பின்னும் உருட்டி, அமுக்கி விடுங்கள். அப்போதுதான் ஸ்பிரிங் தன் நிலைக்கு வரும்.

பிறகு நடுக்கோடு. முன்பும் பின்பும் சேசிஸின் இடவல நடுவைக் கண்டு, தூக்குக்குண்டால் தரைக்கு இறக்கி, சுண்ணாம்பு நூலில் ஒரு கோடு அடியுங்கள். இனி எல்லா அளவும் இந்தக் கோட்டிலிருந்துதான். ஒரு பேனலிலிருந்து அடுத்த பேனலுக்கு அளந்துகொண்டே போனால் பிழை பிழைமேல் ஏறும்.

4. ஒரு துளையும் இல்லாமல் முழு பாடியையும் ஏற்றுதல்

வரிசை இது: நடுப்பாடி, கதவுகள், முன் மட்கார்டுகள் அல்லது முன்பகுதி, பானெட், பின்பகுதி, டிக்கி மூடி. காரணம் எளிது. கதவுக்கு மூன்று பக்கமும் ஓட்டை சரியாக அமைய வேண்டும், தவிர அது திறந்து மூடவும் வேண்டும். விட்டுக்கொடுக்க அதற்கு இடமே இல்லை. முன்பகுதியைச் சில மில்லிமீட்டர் முன்னால் தள்ளினால் யாருக்கும் தெரியாது. விட்டுக்கொடுக்க முடியாததை முதலில் வைத்து, விட்டுக்கொடுக்கக் கூடியதைக் கடைசிக்கு ஒதுக்குகிறோம்.

எல்லாவற்றையும் கிளாம்ப், டேப், ஆப்பு ஆகியவற்றால் மட்டும் நிறுத்துங்கள். விளிம்புகளுக்கு நடுவே பிளாஸ்டிக் துண்டுகளைச் செருகி 5 மி.மீ. இடைவெளி பிடியுங்கள். பெரிய கம்பெனிக் காரைப் பார்த்து 3 மி.மீ. வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். பிரைமரும் பெயின்ட்டும் இரண்டு விளிம்பிலும் ஏறும், கதவு கீலில் சற்றே தொங்கும், வெயிலில் பேனல் நீளும். குறுகலான இடைவெளியில் அரை மில்லிமீட்டர் கோணல்கூடக் கண்ணை உறுத்தும். அகலமானதில் அதே கோணல் மறைந்துவிடும்.

பேனலை உங்கள் கைப்பலத்தால் அழுத்திப் பிடித்தால்தான் இடத்தில் உட்காருகிறது என்றால் அது பொருந்தவில்லை. அடியில் எது தடுக்கிறது என்று பாருங்கள்: சேசிஸ் பட்டையின் ஒரு வெல்டிங் முண்டாக இருக்கும், அல்லது பேனலின் உள்ளே உறைந்த ரெசின் கட்டியாக இருக்கும். தேய்த்து எடுங்கள். சேசிஸ் எட்டாமல் இருந்தால் இடையில் தகடு வையுங்கள். போல்ட்டை இறுக்கி இழுத்துவிடலாம் என்பதே இந்த வேலையில் நான் அதிகம் பார்த்த தவறு. அன்றைக்கு உட்கார்ந்துவிடும், சில மாதங்களில் போல்ட்டைச் சுற்றி ஜெல்கோட்டில் நட்சத்திரம் போல விரிசல் விழும்.

இடமும் வலமும் ஒன்றாக இல்லையே என்று இந்தக் கட்டத்தில் பலர் கலங்கிப்போகிறார்கள். கையால் செய்த அச்சில் இரண்டு பக்கமும் சில மில்லிமீட்டர் வேறுபடுவது சகஜம். காரின் இரண்டு பக்கவாட்டையும் ஒரே நேரத்தில் யாராலும் பார்க்க முடியாது. ஆகவே பிழையைப் பக்கவாட்டுக்குத் தள்ளுங்கள். முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் ஒருசேரத் தெரிபவற்றை, அதாவது விளக்குகளின் உயரத்தையும் சக்கரம் மட்கார்டுக்குள் நிற்கும் அளவையும், இரண்டு பக்கமும் சமமாக்குங்கள்.

பத்து மீட்டர் தள்ளிப்போய், காரைச் சுற்றி நடந்து, உட்கார்ந்தும் பாருங்கள். ஓர் இரவு அப்படியே விட்டுவிட்டு மறுநாள் காலை மீண்டும் பாருங்கள். முந்தின நாள் மாலை நேராகத் தெரிந்தது காலையில் நேராகத் தெரியாது. எனக்கு ஒரு தடவையும் தெரிந்ததில்லை.

5. அசைவுகளுக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்தல்

இடம் முடிவானதும் பேனல் விளிம்புகளின் இருப்பிடத்தை சேசிஸில் டேப் ஒட்டி, அதன்மேல் கோடு கிழித்துவிடுங்கள். இனி கழற்றினாலும் திரும்ப வைக்க முடியும்.

ஒரு சக்கரத்தின் ஸ்பிரிங்கை மட்டும் கழற்றி, ஜாக்கியால் சக்கரத்தை அதன் மேல் எல்லை வரை ஏற்றுங்கள். அந்த நிலையில் ஸ்டீயரிங்கை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை திருப்பிப் பாருங்கள். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல் நுழைய வேண்டும். நிற்கும் காரில் மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடைந்தவர்களின் மட்கார்டு உள்பக்கம் முதல் பள்ளத்திலேயே அறுபடும்.

பானெட்டுக்கு அடியில் எஞ்சின் இடிக்கிறதா என்று கண்ணால் பார்க்க முடியாது. எஞ்சினின் உயரமான இடங்களில், பிளாஸ்டிக் தாளில் சுற்றிய களிமண் உருண்டைகளை வைத்து, பானெட்டை மெல்ல இறக்கி, திரும்பத் தூக்குங்கள். நசுங்கிய உருண்டையின் தடிமன்தான் உங்கள் இடைவெளி. 20 மி.மீ.க்குக் குறைந்தால் எதையாவது மாற்ற வேண்டும். ரப்பர் தாங்கலில் உட்கார்ந்திருக்கும் எஞ்சின் ஆடும். எக்ஸாஸ்ட்டுக்கு அருகில் இன்னும் அதிக இடம் விட்டு, வெப்பத் தடுப்புத் தகடும் வையுங்கள். சாதாரண பாலியெஸ்டர் ரெசின் 100 டிகிரியைத் தொடுவதற்கு முன்பே இளகத் தொடங்கிவிடும்.

6. வெட்டுதல்

கோடு கிழிக்கும் இடத்தில் டேப் ஒட்டி, அதன்மேல் கிழியுங்கள். வெட்டுவது கோட்டிலிருந்து 3 மி.மீ. வெளியே, மீதியைக் கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் கோடு வரை கொண்டுவாருங்கள். உப்புத்தாளை எப்போதும் ஜெல்கோட் பக்கமிருந்து உள்நோக்கி இழுங்கள். எதிர்த்திசையில் இழுத்தால் விளிம்பு பொரிந்து உதிரும்.

விளக்குகளின் உயரத்துக்கும் இடத்துக்கும் நாட்டுக்கு நாடு விதிகள் உண்டு. அவற்றுக்கான ஓட்டையை வெட்டுவதற்கு முன் அந்த அளவுகளைப் பார்த்துவிடுங்கள்.

வெட்டுத்தூசி தோலில் ஏறினால் இரண்டு நாள் அரிக்கும். முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டை டேப்பால் சுற்றுங்கள். முடிந்ததும் தேய்க்காமல், குளிர்ந்த நீரை ஓடவிட்டுக் கழுவுங்கள். அந்தச் சட்டையை வீட்டுத் துணிகளோடு போட்டுத் துவைத்தால் வீட்டில் எல்லோருக்கும் அரிக்கும்.

7. கதவு

கதவைக் கீலில் மாட்டிவிட்டு இடைவெளியைத் திருத்தப் பார்க்காதீர்கள். முதலில் கதவை அதன் ஓட்டைக்குள் பிளாஸ்டிக் துண்டுகளோடு இறுக்கமாக நிறுத்துங்கள். கதவு எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்ற பிறகு, கீல் அதைத் தேடி வரட்டும்.

இரண்டு கீல்களின் அச்சும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். இரண்டின் ஊசியையும் எடுத்துவிட்டு, நேரான ஒரே நீளக் கம்பியை இரண்டுக்குள்ளும் செலுத்தி வைத்துக்கொண்டு, அதன் பிறகு இடங்களைக் குறியுங்கள். அச்சு கோணினால் கதவு திறக்கும்போதெல்லாம் பேனல் முறுக்கப்படும். கீல் இருக்கும் இடம் ஒருநாள் கிழியும்.

கீலின் சுமையை ஃபைபர் தாங்காது. தூண் பக்கம் கீல் நேராக சேசிஸ் இரும்பில் பூட்டப்பட வேண்டும். கதவுப் பக்கம் 3 மி.மீ. இரும்புத் தகட்டை உள்ளே வைத்து, மேட்டும் ரெசினும் போட்டு மூடுங்கள். வழவழப்பான இரும்பில் ரெசின் நம்பகமாக ஒட்டாது. ஆகவே தகட்டில் நிறையத் துளைகள் போட்டு, சொரசொரப்பாக்கி வையுங்கள். துளைகளுக்குள் புகுந்து இறுகும் ரெசின் தகட்டை ஆணி அடித்ததுபோல் பிடித்துக்கொள்ளும். சீட் பெல்ட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்: எவ்வளவு தடித்த ஃபைபராக இருந்தாலும் சரி, அது சேசிஸில்தான்.

கதவைச் சுற்றி வரும் ரப்பர் பீடிங்கை இப்போதே ஒட்டிப் பாருங்கள். ரப்பர் இல்லாமல் கதவை மட்டப்படுத்திவிட்டு, பெயின்ட்டுக்குப் பிறகு ரப்பரை ஒட்டியவர்களின் கதவு வெளியே துருத்தி நிற்கும். கீல் முதலில், பூட்டு பிறகு, பூட்டு மாட்டும் கொக்கி கடைசி.

8. துளையிடுதல், போல்ட் பூட்டுதல்

இப்போது டிரில்லை எடுக்கலாம்.

துளை போடும் இடத்தில் டேப் ஒட்டுங்கள். துளை ஜெல்கோட் பக்கமிருந்துதான். பின்பக்கம் ஒருவர் மரக்கட்டையை அழுத்திப் பிடிக்கட்டும். 3 மி.மீ. பிட்டை முதலில் பின்னோக்கிச் சுழலவிட்டு ஜெல்கோட்டைச் சுரண்டிக் கடந்து, பிறகு முன்னோக்கித் திருப்புங்கள். நேராக முன்னோக்கிக் குத்தினால் ஜெல்கோட் முட்டை ஓடு போலத் தெறிக்கும். துளை பெரிதானதும் அதன் வாயை லேசாகச் சரிவு தேய்த்துவிடுங்கள். கூர்மையான வாயிலிருந்துதான் விரிசல் கிளம்பும்.

ஒரு பேனலுக்கு ஒரே ஒரு துளைதான் போல்ட் அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும், அதுவும் நடுவில். மற்றவை பெரிதாக: 6 மி.மீ. போல்ட்டுக்கு 8 மி.மீ. துளை. பாலியெஸ்டர் ஃபைபர் சூட்டில் இரும்பைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு நீளும். ஒன்றரை மீட்டர் பேனலில் 40 டிகிரி ஏறினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 1 மி.மீ. வரும். அந்த ஒரு மில்லிமீட்டருக்குப் போக இடமில்லை என்றால் பேனல் நடுவில் புடைக்கும்.

போல்ட்டின் கீழ் அகலமான வாஷர், அதற்கும் பேனலுக்கும் நடுவே ரப்பர், பின்பக்கம் நைலான் பூட்டுள்ள நட். ரப்பர் சற்றே பிதுங்கியதும் நிறுத்துங்கள்.

9. ஒட்ட வேண்டிய இடங்கள்

நடுப்பாடியைப் போன்ற கழற்றத் தேவையில்லாத பகுதிகளை போல்ட்டோடு பாலியூரிதேன் பசையும் சேர்த்து ஒட்டலாம். இரண்டு முகத்தையும் 80 எண் தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடையுங்கள். சேசிஸ் இரும்பு வெறுமையாக இருக்கக் கூடாது, எப்பாக்ஸி பிரைமர் அடித்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் பசைக்கு அடியில் துரு புகுந்து எல்லாவற்றையும் தூக்கிவிடும்.

பசை 2 முதல் 3 மி.மீ. தடிமனில் நிற்க வேண்டும். ரப்பர் போல வளைந்துகொடுப்பதுதான் அதன் பலம். கிளாம்ப் போட்டு முழுதாகப் பிதுக்கிவிட்டால் வளைய எதுவும் மிஞ்சாது. சிறிய ரப்பர் துண்டுகளை இடையே வைத்துத் தடிமனைக் காப்பாற்றுங்கள்.

10. இடைவெளி திருத்துதல், முட்டு கொடுத்தல்

விளிம்பு குறையும் இடத்தைப் பட்டியால் (குழி நிரப்பப் பூசும் பசைமாவால்) வளர்க்காதீர்கள். பட்டிக்கு இழை இல்லை. கதவு இரண்டு முறை ஓங்கி மூடினால் உதிரும். உள்பக்கத்தைச் சரிவாகத் தேய்த்து, மேட்டும் ரெசினும் போட்டு விளிம்பை நீட்டி, பிறகு அளவுக்கு வெட்டுங்கள். பட்டி 2 அல்லது 3 மி.மீ. வரைதான், அதுவும் மேலே.

ரெசினுக்கு ஹார்டனர் எடையில் 1 முதல் 2 சதவீதம். 100 கிராமுக்கு ஒன்றரை கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று கூட்டினால் சூடேறி விரிசல் விடும். ஒன்றுக்குக் குறைத்தால் கடைசி வரை பிசுபிசுக்கும். கலந்து மிஞ்சியதை டப்பாவிலேயே விட்டுவைக்காதீர்கள், புகையத் தொடங்கும்; அகலத் தட்டில் ஊற்றி வெளியே வையுங்கள்.

இடையில் எப்பாக்ஸிக்கு மாற நினைப்பவர்களுக்கு: பாலியெஸ்டர் மேல் எப்பாக்ஸி நன்றாக ஒட்டும், எப்பாக்ஸி மேல் பாலியெஸ்டர் சரியாக ஒட்டாது. தவிர, வெட்டிழை மேட்டைப் பிணைத்திருக்கும் பசை பெரும்பாலும் ஸ்டைரீனில்தான் கரையும். எப்பாக்ஸியில் அந்த மேட் விறைப்பாகவே நிற்கும். அதற்கு நெய்த துணி வேண்டும்.

அகலமான பானெட் காற்றில் துடிக்காமல் இருக்க உள்ளே முட்டு தேவை. பேனல் முழுதாக ஆறும் முன் முட்டு வைத்தால், அதன் ரெசின் சுருங்கும்போது வெளிமுகத்தையும் இழுக்கும். பெயின்ட் பளபளக்கும்போது, விலா எலும்புகளைப் போல ஒவ்வொரு முட்டும் வெளியே தெரியும். ஆறிய பிறகு, நுரைத் துண்டை அடியில் வைத்து, ஒரு நேரத்தில் ஒரு படலம் மட்டும் போடுங்கள்.

11. கழற்றி, பெயின்ட் அடித்து, மின்சாரம் கொடுத்தல்

விளக்கு, பூட்டு, கண்ணாடி, நம்பர் பலகை என எல்லாவற்றையும் ஒருமுறை பூட்டிப் பாருங்கள். பிறகு ஒட்டிய பகுதிகளைத் தவிர எல்லாவற்றையும் கழற்றி, பிரைமர் அடித்த பேனல்களைச் சில நாள் வெயிலில் வையுங்கள். சுருங்க வேண்டியது, கொப்புளிக்க வேண்டியது எல்லாம் மேல்பூச்சுக்கு முன்பே வெளிவந்துவிடும். அடர்நிறம் வெயிலை அதிகம் வாங்கும், இழையின் தடத்தையும் அதிகம் காட்டும். முதல் காருக்குக் கறுப்பை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பெயின்ட்டுக்குப் பிறகு ஒரு விளக்குகூட எரியவில்லை என்று வருகிறவர்கள் ஏராளம். இரும்பு பாடியில் விளக்கின் எர்த் பாடி வழியாகவே போய்விடும். ஃபைபரில் மின்சாரம் பாயாது. ஒவ்வொரு விளக்குக்கும் ஹாரனுக்கும் சேசிஸ் வரை தனி எர்த் ஒயர் இழுக்க வேண்டும். பெட்ரோல் நிரப்பும் வாய் ஃபைபரில் பொருத்தப்பட்டிருந்தால் அதன் உலோகக் கழுத்துக்கும் ஓர் எர்த் ஒயர் கட்டாயம். நிலைமின்பொறி பெட்ரோல் ஆவிக்குப் போதும்.

திரும்பப் பூட்டும்போது கதவு முதலில், பானெட் கடைசியில். முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் சக்கர வளைவுகளின் உள்பக்கமும் கதவு விளிம்புகளும் டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட் மங்கித் தேய்ந்த இடம் தெரிந்தால் அங்கே ஏதோ உரசுகிறது. உப்புத்தாளை எடுக்கும் முன், அந்தப் பக்கத்து போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் தளர்ந்திருக்கும்.